ஒன்னேமுக்கா வயசு புள்ளைக்கு 102 காய்ச்சல், ஆனா வெளையாடுறா. மருந்து குடுக்கவா, இப்பவே ஆஸ்பத்திரிக்கு ஓடவா?

தீவுக்காரி (இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். ஒரு கையில புள்ளைய வச்சுக்கிட்டு டைப் பண்றேன், தப்பு இருந்தா பொறுத்துக்கங்க. எங்களுக்கு ராமேஸ்வரம் தீவுல தங்கச்சிமடம். பொண்ணுக்கு ஒரு வருசம் எட்டு மாசம் ஆகுது. நேத்து ராத்திரி பதினோரு மணி வாக்குல ஒடம்பு லேசா சுட்டுச்சு, சரி மழையில வாசல்ல நின்னதுனால இருக்கும்னு விட்டுட்டேன், மருந்து எதும் குடுக்கல. காலைல எந்திரிச்சா நல்லா சூடு, அக்குள்ல வச்சுப் பாத்தா 101.8. மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரு மூடி காய்ச்சல் சிரப் குடுத்தேன், எறங்குச்சு, தூங்கினா, திரும்ப ஆறு ஆறரைக்கெல்லாம் ஏறிருச்சு, ஏழு மணிக்கு இன்னொரு மூடி குடுத்தேன். இப்ப 102.4 காட்டுது.

என் குழப்பம் என்னன்னா, இவ படுத்துக் கெடக்கல. காய்ச்சல் ஏறும்போது சிணுங்குறா, மேல சாஞ்சுக்குறா, ஆனா கொஞ்சம் எறங்குனா போதும், அண்ணன்காரன் பையைக் கொட்டி கிரையான எடுத்து செவத்துல கிறுக்குறா. சோறு வேண்டாங்குறா, பால் மட்டும் குடிக்கிறா. லேசா மூக்கு ஒழுகுது, இருமல் இல்ல.

வீட்டுல அவுக இல்ல, கடலுக்குப் போயிருக்காக, நாளைக்குக் காலையிலதான் கரை. போன் போட்டா டவர் கெடைக்கல. அயித்தை என்னடான்னா கம்பளிய எடுத்து போத்தி, சன்னல சாத்தி, நெத்தியில பத்து போட்டு உக்காந்திருக்காக, "பல்லு மொளைக்குது, அதான் காயுது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடாத"ங்குறாக. எங்க அம்மா போன்ல "102ஆ? ஜன்னி, வலிப்பு வந்துரும்டி, இப்பவே ஆட்டோ புடிச்சு ராம்நாடு போ"ங்குறாக. வெளிய மழையும் வாடைக்காத்தும், இந்த நேரத்துல பாலம் தாண்டிப் போறதுன்னா எப்படின்னு பயமா இருக்கு. பத்தே முக்காலுக்கு இன்னொரு மூடி குடுக்கலாமா? நாலு மணி நேரத்துக்கு ஒருக்க குடுக்கலாம்னு டப்பாவுல போட்டிருக்கு. வீட்டுல ஒரு சளி சிரப்பும் கெடக்கு, அதையும் சேத்து ஊத்தவா? யாராவது சட்டுனு சொல்லுங்க.

கீழக்கரை லாத்தா (இரவு 9.52)

தங்கச்சி, மொதல்ல அந்தக் கம்பளிய எடுங்க. எங்க மாமியும் இதையேதான் செய்வாஹ, மூணு புள்ளைக்கும் செஞ்சாஹ, ஒவ்வொரு தடவையும் கம்பளிய நான் எடுப்பேன், அவஹ போத்துவாஹ, ராத்திரி பூரா இதே வெளையாட்டுதான். காய்ச்சல் ஏறுற நேரத்துல குளுருதுன்னு நடுங்கினா ஒரு மெல்லிசு துணி போத்துனா போதும், ஏறி நின்னப்பறம் லேசான பருத்தி சட்ட ஒன்னே ஒன்னு. சன்னல ஒருக்களிச்சுத் தொறந்து வைங்க, வாடைக்காத்து மூஞ்சியில அடிக்காம.

இன்னொன்னு, பல்லு மொளைக்குறதுக்கு ஒடம்பு கொஞ்சம் கதகதன்னு இருக்கும், ஜொள்ளு வடியும், 102 எல்லாம் வராது. என் ரெண்டாவது மவனுக்கு இப்படித்தான் பல்லு பல்லுன்னு மூணு நாள் சும்மா இருந்துட்டோம், கடைசில காதுல சீழு. அதுனால பல்லு மேல பழியப் போடாதீக.

பால் குடிக்கிறாள்ல, அது நல்ல சேதி. நான் எப்பவும் பாக்குறது தெர்மாமீட்டர விட மூஞ்சியத்தான். மருந்து எறங்கின அரை மணி நேரத்துல அண்ணனோட சண்டைக்குப் போனா நான் தூங்கிருவேன்.

தொண்டி பெரியவர் (இரவு 10.01)

தாயி, பயப்படாத. நாங்க எட்டுப் புள்ள வளந்த வீடு, தெர்மாமீட்டரே பாத்தது கெடையாது. நெலவேம்புக் கசாயம் வச்சு அரைச் சங்கு குடு, சுக்கு மிளகு தட்டி நெத்தியில பத்து போடு, வசம்பு உரசி நாக்குல தடவு. காலைல ஏர்வாடிப் பக்கம் யாராவது போனா ஓதி ஒரு பாட்டில் தண்ணி வாங்கிட்டு வரச் சொல்லு. இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு எதுக்கெடுத்தாலும் சிரப்பு சிரப்புன்னு ஊத்தி ஒடம்பையே கெடுக்குறீக.

ராம்நாடு மருந்துக்கடை (இரவு 10.06)

அக்கா, மத்ததெல்லாம் அப்பறம். பத்தே முக்கால் மூடிய நிறுத்துங்க. பாட்டில கையில எடுத்து லேபிள்ல 5 எம்.எல்-லுக்கு எத்தன எம்.ஜி பாராசிட்டமால்னு போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க, 120ஆ 250ஆ? "ஒரு மூடி"ன்னா எத்தன எம்.எல்? புள்ள வெயிட் என்ன? இந்த மூணும் தெரியாம யாரும் ஆமான்னோ வேணாம்னோ சொல்லக்கூடாது.

தீவுக்காரி (இரவு 10.13)

அண்ணே பாத்தேன். எழுத்து பொடிசா இருக்கு, டார்ச் அடிச்சுப் பாத்தா 250 எம்.ஜின்னு போட்டிருக்கு. மூடியில 5 கோடு வரைக்கும் ஊத்திக் குடுத்தேன். இது பெரியவனுக்கு (ஆறு வயசு) போன மாசம் வாங்குன பாட்டில். பாப்பா மூணு மாசத்துக்கு முன்னாடி பால்வாடியில எடை போட்டப்ப பத்தரை கிலோ. தப்பு பண்ணிட்டேனா? கை நடுங்குது எனக்கு.

ராம்நாடு மருந்துக்கடை (இரவு 10.24)

நடுங்காதீங்க, பெருசா ஒன்னும் ஆகல, ஆனா ஒரு மூடி சேந்திருந்தா நான் இவ்வளவு நிதானமா எழுதியிருக்க மாட்டேன். கணக்கச் சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

பாராசிட்டமாலுக்கு வயசக் கணக்கா வச்சு குடுக்குறதவிட எடைக் கணக்குதான் சரி. ஒரு கிலோவுக்கு ஒரு தடவைக்கு 10லருந்து 15 எம்.ஜி. உங்க பாப்பா பத்தரை கிலோன்னா ஒரு வேளைக்கு 105லருந்து 157 வரைக்கும் போகலாம். நம்ம ஊரு கடையில மூணு விதமா கெடைக்கும், 5 எம்.எல்-லுக்கு 120, 5 எம்.எல்-லுக்கு 250, அப்பறம் கைக்கொழந்தைக்குத் தர்ற சொட்டு மருந்து, அதுல 1 எம்.எல்லுலயே 100 எம்.ஜி. பாட்டில் மூணும் பாக்க ஒரே அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ரெண்டு ஸ்ட்ராபெரி வாசம். 120ல இவளுக்கு நாலரைலருந்து ஆறரை எம்.எல் வரும், அதான் எல்லாரும் "அஞ்சு எம்.எல் குடு"ன்னு சொல்லிச் சொல்லிப் பழகிட்டோம். அதே அஞ்ச 250ல ஊத்துனா கதை வேற, அதுல இவளுக்கு வேண்டியது 2லருந்து 3 எம்.எல்தான். சொட்டு மருந்துன்னா ஒன்னுலருந்து ஒன்றரை.

நீங்க குடுத்தது ரெண்டு தடவை 250, மொத்தம் 500. ஒரு நாளைக்கு கிலோவுக்கு 60ன்னு வச்சுக்கிட்டா இவளுக்கு 630தான் மேல்மட்டம். இப்ப வரைக்கும் அதுக்குள்ளதான் இருக்கீங்க. பத்தே முக்காலுக்கு இன்னொரு 5 ஊத்தியிருந்தா 750 ஆயிருக்கும், அதையே நாளைக்கும் நாளான்னைக்கும் செஞ்சா ஈரல் தாங்காது, கெடுதல் வர்றது பெரும்பாலும் இப்படி நாள் கணக்குலதான், ஒரு தடவைல இல்ல. அதுனால இனிமே ராத்திரி ஒரு மணிக்கு முன்னாடி வேணாம். ஒரு மணிக்கு மேல அவ முழிச்சுக்கிட்டு அழுது அனத்துனா மட்டும் ரெண்டரை எம்.எல், தூங்குனா எழுப்பிக் குடுக்கவே வேணாம். காலைல டாக்டர்ட்ட இந்தக் கணக்க அப்படியே சொல்லுங்க, மறைக்காதீங்க, யாரும் திட்ட மாட்டாங்க. திட்டினாலும் சொல்லுங்க.

அந்தச் சளி சிரப்பத் தொடாதீங்க. பல சளி சிரப்புல உள்ளுக்குள்ளயே பாராசிட்டமால் இருக்கும், ரெண்டையும் ஊத்துனா டபுளா போகும். குளோர்பெனிரமின், பினைலெப்ரின்னு ரெண்டும் சேத்துப் போட்டிருந்தா நாலு வயசுக்குக் கீழ குடுக்கக்கூடாதுன்னு 2023 டிசம்பர்லயே மருந்துக் கட்டுப்பாட்டுல உத்தரவு வந்தாச்சு. 2025 செப்டம்பர், அக்டோபர்ல இருமல் சிரப்புனால மத்தியப் பிரதேசத்துல கொழந்தைங்க போனது எல்லாருக்கும் தெரியும், அதுக்கப்பறம் ரெண்டு வயசுக்குக் கீழ இருமல் சளி சிரப் எழுதவே வேணாம்னு டெல்லிலருந்து சொல்லிட்டாங்க. மூக்கு ஒழுகுதுன்னா உப்புத்தண்ணி சொட்டு மருந்து போதும்.

இன்னும் ஒன்னு, எங்க கடைக்கே வந்து "அந்த ஸ்ட்ராங் மருந்து குடுங்க, பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு ஒரே வேளையில எறங்குச்சு"ன்னு கேப்பாங்க. மெஃபனமிக் ஆசிட், ஐபுப்ரோஃபென் அந்த மாதிரி. இப்ப மழைக்காலம், டெங்கு இருக்குமோன்னு சந்தேகம் இருக்குற வரைக்கும் இது ரெண்டும் வேணாம், ரத்தக்கசிவு வந்தா மோசமாயிரும். நிமெசுலைட் 12 வயசுக்குக் கீழ 2011லயே தடை. ஆஸ்பிரின் கொழந்தைக்கு கெடையவே கெடையாது. பெரியவுக மாத்திரைய கால், அரைன்னு ஒடச்சுக் குடுக்குறதும் வேணாம்.

கீழக்கரை லாத்தா (இரவு 10.29)

அடியாத்தி, எங்க வீட்டு ஃப்ரிட்ஜுல ரெண்டு பாட்டில் நிக்கிது, இப்பத்தான் போய் பாத்துட்டு வந்தேன், ஒன்னு 120 ஒன்னு 250. இத்தன வருசமா கலர் பாத்துத்தான் எடுத்துக்கிட்டு இருந்தேன்.

மண்டபம் நர்ஸ் (இரவு 10.38)

டூட்டி முடிஞ்சு வந்து இப்பத்தான் பாக்குறேன். மருந்துக் கணக்கு தம்பி சரியா சொல்லிட்டாரு, நான் புள்ளைய பத்திக் கேக்குறேன். கடைசியா எப்ப ஒன்னுக்கு இருந்தா, இன்னைக்கு மொத்தம் எத்தன பாம்பர்ஸ் மாத்துனீங்க? ஒடம்புல எங்கயாவது சிவப்பா புள்ளி புள்ளியா இருக்கா, கிளாஸ வச்சு அமுக்கிப் பாருங்க, அமுக்குனா மறையுதா? வாந்தி உண்டா? சமீபத்துல தடுப்பூசி போட்டீங்களா? அப்பறம் தூங்கும்போது சட்டைய தூக்கிட்டு நெஞ்சப் பாத்து ஒரு நிமிசம் முழுசா மூச்ச எண்ணுங்க, போன்ல டைமர் வச்சு. பதினஞ்சு செகண்ட் எண்ணி நாலால பெருக்காதீங்க, புள்ளைங்க மூச்சு ஒரே சீரா இருக்காது. ஒரு வயசுக்கு மேல அஞ்சு வயசு வரைக்கும் நிமிசத்துக்கு 40ஓ அதுக்கு மேலயோ போனா இல்ல விலா எலும்புக்கு கீழ குழி விழுந்து விழுந்து இழுத்தா, நேரம் காலம் பாக்காம கெளம்பணும்.

இன்னும் எதுக்கெல்லாம் இப்பவே கெளம்பணும்னா, எழுப்புனா சரியா முழிக்காம சொக்கிச் சொக்கி விழுந்தா, எதைக் குடுத்தாலும் வாந்தி எடுத்தா, எட்டு மணி நேரமா ஒன்னுக்கே போகலன்னா, அழுதா கண்ணுல தண்ணி வரலன்னா, கழுத்த வளைக்க விடாம வெறைப்பா இருந்தா, ஜன்னி வந்தா, அமுக்குனாலும் மறையாத புள்ளி வந்தா. இதுல ஒன்னு இருந்தாலும் 108. தீவுல இருக்கீங்க, ராம்நாடு வரைக்கும் மழையில போக வேண்டாம், ராமேஸ்வரம் ஜி.ஹெச் பக்கத்துலயே இருக்கு, மொதல்ல அங்க காட்டுங்க, தேவைன்னா அவங்களே ஆம்புலன்ஸ்ல ராம்நாடு மெடிக்கல் காலேஜுக்கு அனுப்புவாங்க. ராத்திரி சந்தேகம் கேக்கணும்னா 104க்குப் போடலாம்.

இதுவே மூணு மாசத்துக்குக் கீழ உள்ள கைக்கொழந்தைன்னா இவ்வளவு பேச்சே கெடையாது, 100.4 தாண்டுனா நேரா ஆஸ்பத்திரி. ஒன்னேமுக்கா வயசுக்கு அப்படி இல்ல.

தீவுக்காரி (இரவு 10.57)

அக்கா எண்ணிட்டேன், 34 வந்துச்சு, ரெண்டு தடவை எண்ணுனேன். குழி எதும் விழல. சாயந்தரம் அஞ்சு மணிக்கு ஒரு தடவை, இப்ப ஒன்பதுக்கு ஒரு தடவை ஈரம் பண்ணியிருக்கா, காலைலருந்து சேத்து நாலு. புள்ளி எதும் காணல. வாந்தி இல்ல. தடுப்பூசி ஒன்றரை வயசு ஊசி ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே போட்டாச்சு. கை காலு மட்டும் சில்லுனு இருக்கு, வயிறு கொதிக்குது, இது ஏன்? அப்பறம் ஈரத்துணி வச்சுத் தொடைக்கட்டுமா? அயித்தை ஐஸ் தண்ணில நனைக்கணும்னு சொல்றாக.

மண்டபம் நர்ஸ் (இரவு 11.09)

நாலு தடவைன்னா தண்ணி சத்து இருக்கு. 34 நல்ல எண்ணிக்கை. ஊசி போட்டு ரெண்டு மாசம்னா அது காரணம் இல்ல. (சில பேரு கேப்பாங்கன்னு சொல்றேன், டி.பி.டி ஊசிக்குக் காய்ச்சல் மறுநாளுக்குள்ள வரும், அம்மை தடுப்பூசிக்கு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சுக்கூட வரும், அதப் பாத்துட்டு ஊசி கெட்டுப்போச்சுன்னு நெனச்சுராதீங்க.)

காய்ச்சல் ஏறுற நேரத்துல கை கால் சில்லுன்னு இருக்குறது சகஜம், ஒடம்பு சூட்ட உள்ள புடிச்சு வச்சுக்குது. பயப்பட வேண்டிய சில்லு வேற, காய்ச்சல் எறங்குனப்பறம், அதுவும் மூணாம் நாள் நாலாம் நாள், கை கால் சில்லுனு ஆகி புள்ள தொவண்டு வயித்து வலின்னு அழுதா அது டெங்கு பயம். நம்ம ஆளுக காய்ச்சல் விட்டுச்சுன்னு சந்தோசப்பட்டு ஆஸ்பத்திரி போறத நிறுத்துற நாளும் அதுதான்.

ஐஸ் தண்ணி வேணாம்மா. மேல்தோல் சுருங்கி புள்ள நடுங்கி, உள்சூடு இன்னும் ஏறும். வெதுவெதுன்னு இருக்குற தண்ணில துணிய நனைச்சு நெத்தி, கழுத்து, அக்குள் தொடைக்கலாம், அவளுக்கு சொகமா இருந்தா மட்டும். அழுதா விட்டுருங்க. 102ங்குற நம்பர 99 ஆக்கணும்னு ஒரு கட்டாயமும் இல்ல, காய்ச்சல் கிருமியோட ஒடம்பு போடுற சண்டை, மருந்து குடுக்குறது அவ வலி தெரியாம பால் குடிச்சுத் தூங்கத்தான். மருந்து குடுத்தும் 102லருந்து 101க்குத்தான் எறங்குச்சுன்னு இன்னும் இன்னும் ஊத்துறதுலதான் இந்த மாதிரி கணக்கு தப்பும்.

பால் குடுத்துக்கிட்டே இருங்க. ஓ.ஆர்.எஸ் கரைச்சு ஸ்பூன் ஸ்பூனா குடுக்கலாம். சோறு வேணாங்குறாளா, விடுங்க, ரெண்டு நாள் சாப்பிடலன்னா ஒன்னும் கொறஞ்சுபோகாது. பெரியவர் ஐயா கோவிச்சுக்காதீங்க, பத்து போடுங்க, ஓதிப் பாருங்க, எனக்கு ஆட்சேபனை இல்ல, ஆனா வசம்பு நாக்குல வேணாம், நெலவேம்பு இந்தச் சின்னதுக்கு வேணாம், கசப்புல வாந்தி எடுத்தா உள்ள போன பாலும் வெளிய வந்துரும்.

நாளைக்குக் காலைல கட்டாயம் காட்டுங்க, இது ரெண்டாவது ராத்திரி. நம்ம பக்கத்துல பி.எச்.சியில (ஆரம்ப சுகாதார நிலையம்) போய் மொதல்ல மலேரியாவுக்கு விரல்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஸ்லைடு போடச் சொல்லுங்க, காசு கெடையாது. உள்நாட்டுல இருக்குறவங்களுக்கு இது புதுசா இருக்கும், நம்ம ராமேஸ்வரம் பாம்பன் பக்கம் மலேரியா ரொம்ப நாளா நம்மகூடவே குடியிருக்கு, கெணறு தொட்டின்னு நல்ல தண்ணியிலயே அந்தக் கொசு முட்டை போடும். டெங்குக் கொசுவுக்கு நாம தண்ணி லாரி வந்தா புடிச்சு வைக்கிற டிரம்மே போதும். பெண் புள்ள, இருமல் பெருசா இல்ல, அதுனால ஒன்னுக்கும் டெஸ்ட் பண்ணச் சொல்லிக் கேளுங்க, சிறுநீர்ல கிருமி இருந்தா பல நேரம் வெளிய காய்ச்சல் மட்டும்தான் தெரியும்.

சும்மா ஒருத்தன் (இரவு 11.20)

எதுக்கு இவ்ளோ நீளம். தனியாருக்குத் தூக்கிட்டுப் போய் ஒரு ஊசி, ஒரு ஆன்டிபயாட்டிக், ரெண்டு நாள்ல சரி. எங்க வீட்டுல எப்பவும் அப்படித்தான். பாதி பாட்டில் மிச்சம் இருந்தா அடுத்த தடவைக்கு வச்சுக்குவோம்.

மண்டபம் நர்ஸ் (இரவு 11.27)

தம்பி, அந்தப் பவுடர்ல தண்ணி கலக்குற ஆன்டிபயாட்டிக் கலக்கி ஒரு வாரம் பத்து நாள் தாண்டுனா வெறும் இனிப்புத் தண்ணி, தூக்கிப் போடுங்க. இந்த வயசுல வர்ற காய்ச்சல் பெரும்பாலும் வைரஸ், அதுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது, ரெண்டு நாள்ல சரியானது தானா சரியானதுதான். பேர் ஊசிக்குப் போயிருது.

தேவிபட்டினம் அப்பா (இரவு 11.41)

ஜன்னி பத்திப் பேச்சு வந்ததால சொல்றேன், இத யாருக்கும் சொன்னதில்ல. என் பையனுக்கு பதினாலு மாசத்துல வந்துச்சு. காய்ச்சல் வந்து ரெண்டு மணி நேரம்கூட ஆகல, நாங்க தெர்மாமீட்டரே இன்னும் தேடிக்கிட்டு இருந்தோம், மடியில இருந்தவன் கண்ணு மேல போயி, வாய் கோணி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது. வீடே அலறுது. எங்க அப்பத்தா இரும்புச் சாவிய கையில திணிக்கிறாக, நான் நாக்கக் கடிச்சிருவானோன்னு எவர்சில்வர் ஸ்பூன பல்லுக்கு நடுவுல சொருகுனேன், சொருகுனதுல முன்பல்லு ஒன்னு முனை ஒடஞ்சுபோச்சு, உதடு கிழிஞ்சு ரத்தம், அந்த ரத்தத்தப் பாத்து என் வீட்டுக்காரி மயங்கி விழுந்துட்டா. எல்லாம் சேத்து ரெண்டு நிமிசம்தான் இருக்கும், எனக்கு ரெண்டு மணி நேரம்.

அப்பறம் டாக்டர் ஒக்காரவச்சு சொன்னாரு, ஆறு மாசத்துலருந்து அஞ்சு வயசு வரைக்கும் நூத்துக்கு ரெண்டுலருந்து அஞ்சு புள்ளைக்கு வரும், பெரும்பாலும் மூளைக்கு எதும் ஆகாது, மூணுல ஒரு புள்ளைக்கு திரும்ப வரலாம். வந்தா தரையில ஒருக்களிச்சுப் படுக்க வையி, கழுத்துகிட்ட இறுக்கமா இருக்குறதத் தளத்து, வாயில ஸ்பூனும் வேணாம் விரலும் வேணாம் தண்ணியும் வேணாம், கையக் காலப் புடிச்சு அமுக்காத, மணியப் பாரு, அஞ்சு நிமிசம் தாண்டுனா 108, மொத தடவைன்னா சீக்கிரமே நின்னாலும் அன்னைக்கே கொண்டாந்து காட்டுன்னு. காய்ச்சல் மருந்து மணிக்கணக்கா குடுத்துக்கிட்டு இருந்தாலும் ஜன்னிய தடுக்காதாம், அதுனால ஜன்னிக்குப் பயந்து டோஸ ஏத்தாதீங்க தங்கச்சி. உங்க அம்மா பயம் எனக்குப் புரியுது. பையனுக்கு இப்ப ஏழு வயசு, நல்லாருக்கான், அந்த ஒடஞ்ச பல்லு விழுந்து புதுசும் வந்துருச்சு.

தொண்டி பெரியவர் (இரவு 11.50)

சரித்தா நர்ஸம்மா, வசம்ப விட்டுட்டேன். ஓதுறதுக்குத் தடையில்லைன்னு சொன்னியே, அது போதும்.

கீழக்கரை லாத்தா (இரவு 11.54)

பெரியவரே, ஓதின தண்ணி வாங்குனா காய்ச்சி ஆற வச்ச தண்ணிய பாட்டில்ல குடுத்தனுப்பி அதுல ஓதச் சொல்லுங்க, எங்க வீட்டுல அப்படித்தான்.

தீவுக்காரி (மறுநாள் மாலை 4.15)

எல்லாருக்கும் நன்றி, ராத்திரி பதில் போட முடியல. கம்பளிய எடுத்துட்டு ஒரு பனியன மட்டும் போட்டு விட்டேன், பன்னெண்டு மணிக்கு மேல வேர்த்துச்சு, தூங்கிட்டா, நான்தான் தூங்கல, ஒரு மணி, மூணு மணி, நாலரைன்னு நெஞ்சுல கைய வச்சுக்கிட்டே இருந்தேன். ராத்திரி மருந்து குடுக்கவே இல்ல.

காலைல அவுக கரையேறி மீன ஏலத்துக்குக்கூட நிக்காம நேரா வீட்டுக்கு வந்துட்டாக, ஆளு மேல இன்னும் டீசல் வாசம், அப்படியே பி.எச்.சிக்குப் போனோம். எடை போட்டா 9.8 கிலோதான், பத்தரை இல்ல. மூணு மாசத்துல கொறஞ்சிருக்கா இல்ல பால்வாடித் தராசு அப்படியான்னு தெரியல, அங்க உள்ள நர்ஸம்மா அடுத்த மாசம் திரும்ப கூட்டியாரச் சொல்லியிருக்காக. டாக்டரம்மாகிட்ட 250 பாட்டில் கதைய சொன்னேன், திட்டல, "எத்தன எம்.எல் எத்தன மணிக்குன்னு சொல்ற மொத அம்மா நீங்கதான்"னாக. தொண்டையும் காதும் பாத்தாக, காது நல்லாருக்கு, தொண்டை லேசா செவப்பு. ஸ்லைடு நெகட்டிவ். ஒன்னுக்கு டெஸ்டுக்கு ஒரு சின்ன டப்பா குடுத்தாக, அதுக்காக அவுக முக்கா மணி நேரம் டப்பாவ ஏந்திக்கிட்டு அவ பின்னாடியே சுத்துனாக, அதப் பாத்து அங்க இருந்த சனம் பூரா சிரிப்பு. அதுலயும் ஒன்னும் இல்ல. வைரஸ் காய்ச்சல்தான், நாளைக்கு மூணாம் நாள் திரும்ப வந்து காட்டணும், அப்பத்தான் டெங்குக்காக ரத்தத்துல தட்டணு (பிளேட்லெட்) பாக்கணுமா வேணாமான்னு சொல்றேன், மொத நாளே பாத்தா சரியாத்தான் இருக்கும், அத நம்பி இருந்துரக்கூடாதுன்னாக. 120 சிரப் குடுத்து ஒரு வேளைக்கு 5 எம்.எல், ஆறு மணி நேரம் விட்டு, தேவைப்பட்டா மட்டும்னு எழுதியிருக்காக.

இப்ப 100.6. கிரையான் ரெண்ட தின்னுட்டா, அதுவும் பரவாயில்லையா?

ராம்நாடு மருந்துக்கடை (மாலை 4.40)

கிரையான் பரவாயில்ல, பெரும்பாலும் மெழுகுதான், தொண்டையில அடைக்காமப் பாத்துக்கங்க. 9.8ன்னா 120ல அஞ்சு எம்.எல் சரியா வரும். அந்த 250 பாட்டில என்ன பண்ணுனீங்க? மூடிய நம்பாதீங்கக்கா, கடையில 5 எம்.எல் சிரிஞ்ச் ஊசி இல்லாம கேளுங்க, அதுல உறிஞ்சி கன்னத்து ஓரமா விட்டா துப்பவும் மாட்டா, அளவும் தப்பாது.

தீவுக்காரி (மாலை 5.02)

250க்கு பிளாஸ்திரி ஒட்டி மார்க்கர்ல "அண்ணனுக்கு"ன்னு எழுதி மேல் பலகையில வச்சாச்சு. 120ல "பாப்பா 5"ன்னு எழுதியிருக்கேன். சிரிஞ்ச் அவுக வாங்கிட்டு வந்தாக. அயித்தைக்கு சிரிஞ்ச் பழகல, இப்ப மூக்குக்கண்ணாடிய மாட்டிக்கிட்டு, வாசல் வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு, "அஞ்சுதானே, அஞ்சுதானே"ன்னு மூணு தடவை கேட்டுட்டுத்தான் வாயில விடுறாக.